காந்த ஹைபர்தெர்மியா: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை செவிலியர் மாணவியருக்குக் காந்த ஹைபர்தெர்மியா பாடம் எடுக்க வேண்டும். இரும்பு ஆக்சைடு நானோதுகள் கலந்த நீர்மத்தைப் புற்றுக்கட்டிக்குள் ஊசியால் ஏற்றி, வெளியிலிருந்து மாறுதிசைக் காந்தப்புலம் கொடுக்கிறார்கள். புலம் நொடிக்கு 1,00,000 முறை அலைய, துகள் சூடாகி, கட்டியும் உள்ளிருந்தே சூடேறுகிறது. பெர்லினில் மூளைக் கட்டிக்குச் செய்திருக்கிறார்கள். ‘அதிவெப்பச் சிகிச்சை’ என்று எழுதி வைத்தேன், மனம் ஒப்பவில்லை.

மதுரையிலிருந்து:
‘அதி’ வேண்டாம் டீச்சர். கட்டிக்குள் எட்டப் பார்ப்பது 41 முதல் 46 டிகிரி செல்சியஸ் வரைதான். திசுவைக் கருக்குவது வேறு முறை. வெதும்பு தன்வினை, வெதுப்பு பிறவினை. திருந்து, திருத்து போல. ‘காந்த வெதுப்பு’ என்போம். வேது பிடிப்பது நமக்குப் பழக்கம்தானே, அதே வேர்.

தஞ்சாவூரிலிருந்து:
காந்தல் இருக்க வெதுப்பு எதற்கு? சோறு அடிப்பிடித்தால் காந்தல், பசித்தால் வயிறு காந்துகிறது. இந்தக் ‘காந்து’தான் காந்தத்துக்கும் வேர் என்பது என் நெடுநாள் முடிவு. ‘காந்தல் மருத்துவம்’ என்றால் காந்தமும் சூடும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

மதுரையிலிருந்து:
ஐயா, காந்தம் வடமொழி அயஸ்காந்தத்திலிருந்து வந்தது. அது கிடக்கட்டும். மூளையில் கட்டியோடு படுத்திருப்பவரிடம் போய்க் காந்தல் என்றால், மண்டைக்குள் கருகிவிடும் என்று பயப்பட மாட்டாரா?

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கட பக்கம் வெதுப்பகம் என்றால் பாண், அதாவது ரொட்டி, சுடும் இடம். வெதுப்பு என்றதும் பிள்ளைகளுக்குப் பாண்தான் ஞாபகம் வரும். ‘காந்தச் சூட்டுச் சிகிச்சை’ என்றால் ஆருக்கும் விளங்கும். தூய்மை பார்த்து நோயாளியைக் குழப்ப வேண்டாம்.

மதுரையிலிருந்து:
இங்கே சூடு என்றால் சூடு வைப்பதும் நினைவுக்கு வரும். அந்தப் பயம் மட்டும் பரவாயில்லையா?

மறுபடி நான்:
எல்லாருக்கும் நன்றி. எனக்கு வினைச்சொல்லும் தேவைப்படுகிறது. பல்லில் உலோக அடைப்பு இருந்தால் முன்பே எடுத்துவிடுவார்கள், புலத்தில் அதுவும் சூடாகும் என்பதால். ‘துகளும் வெதும்பும், பல் அடைப்பும் வெதும்பும்’ என்று சொல்லிப் பார்த்தேன், தடையில்லாமல் வருகிறது. நாலைந்து பேர் தனிமடலிலும் சரி என்றதால், வகுப்புக்குக் ‘காந்த வெதுப்பு’.

யாழ்ப்பாணத்திலிருந்து:
வகுப்புக்குச் சரி. நோயாளியின் கையில் கொடுக்கும் தாளில் ‘சூட்டுச் சிகிச்சை’ என்றே போடுங்கோ.

தஞ்சாவூரிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. அயஸ்காந்தம் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.