ஜெர்மனி போகிறேன், என்ன பீர் குடிக்கலாம்?

மக்களே, ஒரு உதவி. அடுத்த மாதம் வேலை விஷயமாகப் பத்து நாள் ஜெர்மனி, முதலில் கொலோன், அப்புறம் மியூனிக். பெரிய குடிகாரன் எல்லாம் இல்லை, பெங்களூருவில் இருந்தபோது கோதுமை பீர் பழகி, அந்த லேசான வாழைப்பழ, கிராம்பு வாசனைக்கு (பழம் எதுவும் போடுவதில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை) அடிமையாகிவிட்டேன், அவ்வளவுதான். ஐபிஏ என்கிற பீர் வகை மாதிரி நாக்கைச் சுருட்டும் கசப்பு ஆகாது.

மியூனிக்குக்கு வைஹென்ஷ்டெஃபான், ஷ்னைடர் என்ற இரண்டு கோதுமை பீர் பிராண்டுகளையும் குறித்து வைத்திருக்கிறேன். வேறு எது? கொலோனில் அந்த ஊர் பீரான கோல்ஷ் 200 மில்லி சின்ன கிளாஸில்தான் வருமாம், நாம் கிளாஸ் மேல் அட்டையை வைத்து மூடும்வரை கேட்காமலே அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்குமாம், அங்கே ஃப்ரூ, காஃபெல் என்ற கோல்ஷ் பிராண்டுகளில் முதலில் எதைத் தொடலாம்?

அப்புறம் பாம்பெர்க் என்ற ஊரின் புகை பீர். மால்ட்டை (முளைகட்டிய தானியம்) பீச் (beech) மரப் புகையில் உலர்த்துவதால் கருவாடு மாதிரி அடிக்கும் என்று நண்பன் ஒருவன் பயமுறுத்துகிறான். எனக்குக் கருவாடு பிடிக்கும், அது வேறு விஷயம். இதற்காகவே மியூனிக்கிலிருந்து ரயில் ஏறிப் போகலாமா?

குடித்துப் பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். டாஸ்மாக் ஜோக் வேண்டாம், ப்ளீஸ்.