மருத்துவக் கல்லூரிக்கு முன்பே பிறந்த ஆய்வுப் பள்ளி: ஹூஸ்டன் பற்றி ஒரு கேள்வி

பேட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பாளையங்கோட்டையில் உயிர்வேதியியலில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முனைவர் பட்டத்துக்கு எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று தேடியபோது, டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஹூஸ்டன் நகரில் உயிர்மருத்துவ அறிவியலுக்கென்றே ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளி இருப்பதைக் கண்டாள். அந்தப் பள்ளி 1963-இல் தொடங்கியது என்றும், அதே பல்கலைக்கழகம் ஹூஸ்டனில் மருத்துவக் கல்லூரி நடத்த மாநிலச் சட்டமன்றம் ஒப்புதல் தந்ததே 1969-இல்தான் என்றும் படித்தோம். மகள் பிறந்து ஆறு ஆண்டு கழித்துத் தாய் பிறந்தது போல் இருக்கிறது இந்தக் கணக்கு. மருத்துவக் கல்லூரியே இல்லாத ஊரில் மருத்துவ ஆய்வுப் பள்ளி எப்படி முதலில் வந்தது என்பதையும், நம் மாநிலத்தில் அதற்கு நிகரான ஒன்று உண்டா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரிசல்மண்:

அண்ணாச்சி, இந்தக் கதை பருத்தியில் தொடங்குகிறது. கோவில்பட்டிக்காரனான எனக்கு அதில் தனி ஈடுபாடு உண்டு. நம் கரிசல் பருத்தி வெளிநாட்டுச் சந்தையில் 'டின்னிஸ்' என்ற பெயரில் விலைபோன அதே காலத்தில், ஆண்டர்சன் கிளேட்டன் என்ற பருத்தி வணிக நிறுவனம் 1904-இல் ஓக்லஹோமாவில் தொடங்கப்பட்டுப் பின்னர் ஹூஸ்டனுக்கு இடம்பெயர்ந்து பெரும் செல்வம் ஈட்டியது. அதன் பங்குதாரர்களில் ஒருவரான மன்ரோ டனவே ஆண்டர்சன் மணம் செய்துகொள்ளாதவர். 1936-இல் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவிவிட்டு 1939-இல் காலமானார். சொத்தின் பெரும்பகுதி அந்த அறக்கட்டளைக்கே சேர்ந்தது.

1941-இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்காக 5 லட்சம் டாலர் ஒதுக்கியது. மருத்துவமனையை ஹூஸ்டனில் அமைத்து அதற்கு ஆண்டர்சனின் பெயரையும் சூட்டினால் அதே அளவு தொகையைத் தானும் தருவதாக அறக்கட்டளை முன்வந்தது, அதன்படியே நடந்தது. தொடக்கத்தில் அதற்கெனக் கட்டிய கட்டடம் கிடையாது. ஒரு வழக்கறிஞர் குடும்பத்தின் பழைய மாளிகையே மருத்துவமனையாக இயங்க, அதன் குதிரைலாயம் ஆய்வகமாக மாற்றப்பட்டது. இடம் போதாமல் போனபோது ராணுவம் கழித்துவிட்ட கொட்டகைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இப்போதுள்ள மருத்துவ வளாகத்துக்கு அவர்கள் குடிபெயர்ந்தது 1954-இல்தான்.

உங்கள் கேள்விக்கான விடை அந்தக் குதிரைலாயத்தில் இருக்கிறது என்பேன். நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட நாள்முதலே அங்கே உயிர்வேதியியலாளர்களும் உயிரியலாளர்களும் வேலையில் இருந்தார்கள். ஆராய்ச்சியாளர் இருக்கும் இடத்துக்கு மாணவர் தாமாக வந்துசேர்வார். அந்த மாணவருக்குப் பட்டம் தர ஓர் அமைப்பு வேண்டும். அந்த அமைப்பைத்தான் 1963-இல் பட்டமேற்படிப்புப் பள்ளி என்று நிறுவினார்கள். மருத்துவக் கல்லூரி 1969-இல் வந்தது. 1972-இல் பல் மருத்துவம், பொதுச் சுகாதாரம் முதலிய பிரிவுகளையும் சேர்த்து ஒரே சுகாதார அறிவியல் மையமாக்கினார்கள். இன்று அப்பள்ளியின் பட்டத்தை அந்த மையமும் புற்றுநோய் மருத்துவமனையும் கூட்டாக வழங்குவதால்தான் இரண்டின் பெயரையும் அது சுமக்கிறது.

இடையில் ஒரு சொல்: ஒரு தனிமனிதரின் பணம் ஊரின் அமைப்பையே மாற்றிவிடும் என்பது நமக்குப் புதிதல்ல. தாமிரபரணிக்குக் குறுக்கே 1843-இல் திறக்கப்பட்ட பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த சுலோசன முதலியார் பெயரைத்தான் இன்றும் அந்தப் பாலத்துக்குச் சொல்கிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

உடலியங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் இரண்டாம் கேள்விக்கு விடை சொல்கிறேன். நம் மாநிலத்தில் இதற்கு மிக நெருக்கமானது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் உள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் பட்டமேற்படிப்பு நிறுவனம். மகப்பேறு மருத்துவரும், 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவருமான ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாரின் பெயரை அது தாங்கியிருக்கிறது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், மரபியல், நாளமில்லாச் சுரப்பியியல் போன்ற துறைகளில், எம்.பி.பி.எஸ். படிக்காத அறிவியல் பட்டதாரிகளும் முதுநிலையும் முனைவர் பட்டமும் பெற முடிகிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைந்து, 1988 முதல் மருத்துவக் கல்லூரிகள் அதன் கீழ்ச் சென்றபோது, தரமணி நிறுவனம் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே தங்கிவிட்டது. நோயாளிகள் ஒரு பல்கலைக்கழகத்தின் பக்கமும் ஆய்வு மாணவர்கள் இன்னொன்றின் பக்கமுமாகப் பிரிந்தார்கள். நம் ஊரிலும் அதே நிலைதான்: 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஐகிரவுண்டில் இருக்கிறது; மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து 1990-இல் உருவான மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ ஆற்றைக் கடந்து, டவுனையும் தாண்டி அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. இங்கே ஒரு திசு மாதிரியை ஆய்வு மாணவர் பெற வேண்டுமானால் இரண்டு நிர்வாகங்களின் கதவைத் தட்ட வேண்டும். ஹூஸ்டனில் அறுவை அரங்கும் ஆய்வகமும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன; அங்குள்ள கட்டடங்களையும் பணத்தையும்விட இந்த ஏற்பாட்டைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அமெரிக்காவிலும் இது ஒரே நாளில் வந்ததன்று. 1893-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி பட்டம் பெற்றவர்களை மட்டுமே சேர்ப்பது என்ற விதியோடு தொடங்கியதும், கல்லூரிகளில் ஆய்வகம் இன்றியமையாதது என்று 1910-இல் பிளெக்ஸ்னர் அறிக்கை வலியுறுத்தியதும் அடித்தளம் இட்டன. 1962-இல் அடிப்படை மருத்துவ அறிவியலுக்கென நடுவண் அரசு தனி நிறுவனம் அமைத்து ஆய்வுப் பயிற்சிக்கு நிதி தரத் தொடங்கியது. எனவே 1963 என்ற ஆண்டு தற்செயலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

நெல்லை மாணவி:

ஒரு சிறு திருத்தம். 'மருத்துவக் கல்லூரியே இல்லாத ஊர்' என்பது முழுவதும் சரியன்று. டல்லஸில் இருந்த பேய்லர் மருத்துவக் கல்லூரி, இதே ஆண்டர்சன் அறக்கட்டளையின் அழைப்பை ஏற்று 1943-இல் ஹூஸ்டனுக்கு வந்துவிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பழைய மருத்துவக் கல்லூரியோ 1891 முதல் கடற்கரை நகரமான கால்வெஸ்டனில் இருந்தது. ஹூஸ்டனில் இல்லாதிருந்தது அப்பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரி மட்டுமே.

பேட்டைவாசி:

மூவருக்கும் நன்றி. திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். எம்.பி.பி.எஸ். இல்லாமல் தரமணியில் சேர முடியும் என்பதே எங்களுக்குப் புதிய செய்தி. ஹூஸ்டனுக்கு விண்ணப்பிக்கும் முன் அங்கே நேரில் போய்ப் பார்த்துவருவதாக மகள் சொல்கிறாள்.