உட்கார இடமில்லாத முற்றங்கள்: ஓர் ஆவணப்படமும் என் கேள்வியும்

செங்கமலம்:
பொருளாதாரமும் கட்டட வடிவமைப்பும் சேர்ந்த ஆவணப்படம் கேட்டிருந்தவர்கள், நகர வாழ்க்கையை ஆராய்ந்த வில்லியம் எச். வைட் எடுத்த ‘தி சோஷியல் லைஃப் ஆஃப் ஸ்மால் அர்பன் ஸ்பேசஸ்’ பாருங்கள். 1980-ஐ ஒட்டி வந்தது. நியூயார்க்கின் வானுயர்ந்த கட்டடங்களுக்கு முன்னால் உள்ள முற்றங்களில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று வேவு பார்ப்பதுதான் முழுப் படமும். ஒருவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துவார், காரணமே இருக்காது, பிறகு உட்காருவார். அடுத்தவரும் அப்படியே. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

வங்கியில் கடன் கணக்குப் பார்த்தே பழகிய எனக்கு ஒன்று புரியவில்லை. நியூயார்க்கின் 1961 நகரமைப்பு விதிப்படி, அடர்த்தி மிகுந்த பகுதிகளில் ஒரு சதுர அடி முற்றம் விட்டால் 10 சதுர அடி அலுவலகத் தளம் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். கொள்ளை லாபம்! அந்தச் சலுகையை வாங்கிக்கொண்ட பிறகும் திண்டுகளில் கம்பி முனைகளைப் பதித்து ஜனங்களை ஏன் விரட்டினார்கள்?

வரைபலகை:
விதி கேட்டது வெட்டவெளியை மட்டும். இருக்கையைக் கேட்கவில்லை. கட்டடம் எழும்பியதும் சலுகை கைக்கு வந்துவிடுகிறது. அதன்பின் முற்றத்தில் கூடும் கூட்டத்தால் உரிமையாளருக்கு வாடகையா வரப்போகிறது? “வேண்டாதவர்கள்” வந்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. எல்லோரும் விரும்பி வரும்படி இடத்தை அமைத்தாலே அந்தச் சிக்கல் தீரும் என்பது வைட்டின் வாதம். அவருடைய குழு எடுத்த படச்சுருள்களுக்கும் பலன் இருந்தது: 1975 திருத்தத்தில், 30 சதுர அடி முற்றத்துக்கு ஓரடி நீள இருக்கை கட்டாயமானது.

ஆற்றங்கரை:
நியூயார்க்கின் ஸுக்கோட்டி பூங்காவும், திறந்தவெளி விட்டால் கட்டடத்துக்குச் சலுகை என்ற இந்தக் கணக்கில் பிறந்ததுதான். 2011-இல் பெருநிறுவன ஆதிக்கத்தை எதிர்த்த ‘ஆக்குபை வால் ஸ்ட்ரீட்’ போராட்டக்காரர்கள் அங்கே சுமார் இரண்டு மாதம் தங்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மாநகராட்சிப் பூங்கா என்றால் இரவில் மூடிவிடுவார்கள். இது தனியார் நிலம். ஆனால், பெற்ற அனுமதியின்படி 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். அனுமதி கொடுத்தவர்கள் கூடாரங்களைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்!

வரைபலகை:
நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது விதிவிலக்கு. நகரமைப்புப் பேராசிரியர் ஜெரால்ட் கேடன் 2000-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், நியூயார்க்கில் இப்படிப்பட்ட இடங்கள் 503. அவற்றில் 41 சதவீதம் பெரிதாகப் பயனில்லாதவை. படத்தைப் பற்றியும் ஒரு குறை: பெரும்பாலும் நல்ல வெயில், மதிய உணவு நேரம், அலுவலக ஊழியர்கள். குளிர்காலத்தில் அந்த நாற்காலிகளை யார் தேடுகிறார்கள்?

செங்கமலம்:
அப்படியானால் அந்த 10 என்ற விகிதத்தை எந்தக் கணக்கில் போட்டார்கள்? வாடகை மதிப்பைப் பார்த்தா, அல்லது பேரம் பேசியா? அந்தக் காலத்து நகரமைப்பு ஆவணங்கள் எங்காவது படிக்கக் கிடைத்தால் சுட்டி கொடுங்கள். படம் தேடுபவர்கள், நியூயார்க்கின் சின்னஞ்சிறு பேலி பூங்கா வரும் பகுதியைத் தவறவிடாதீர்கள். 1967-இல் திறந்தது, 42 அடிக்கு 100 அடிதான். சுவர் முழுக்க அருவி. அந்த இரைச்சலில் தெருச் சத்தம் அமுங்கிவிடுகிறது.