பெங்காலி பேச ஒன்று, ஜிஎஸ்டி கணக்குக்கு ஒன்று: எந்த ஏஐ நல்லது?
எல்லாருக்கும் வணக்கம். வேலூர் காந்தி ரோட்டில் சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். வைத்தியத்துக்காகக் கொல்கத்தா பக்கமிருந்து வருகிறவர்கள்தான் அதிகம் தங்குகிறார்கள். நடுராத்திரியில் ஒரு அம்மா அழுதுகொண்டே பெங்காலியில் ஏதோ கேட்டால், எனக்கு உடனே புரிய வேண்டும். என் பதிலும் குரலாகவே அவருக்குப் போக வேண்டும். சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டிலும் பேசலாம், சரி. வயதானவர்களின் பேச்சை எது தடுமாறாமல் பிடிக்கிறது?

அப்புறம் கணக்கு. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். நான் கேட்ட ஒன்று பழைய 12 சதவீதத்தையே சொன்னது. இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்வது எது?

மருந்துச் சீட்டை எதிலும் கேட்க மாட்டேன், அதற்கு டாக்டர்தான். பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.