மீன் ஹெட் கிட்னி ஸ்லைடு பாக்கத் தெரிஞ்சவங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க
வணக்கம், மீன் ஹிஸ்டாலஜி (திசுவ மெலிசா வெட்டி மைக்ரோஸ்கோப்ல பாக்குறது) பண்ணவங்க இந்த குரூப்ல யாராச்சும் இருக்கீங்களா? திலேப்பியாவோட ஹெட் கிட்னிய (கிட்னியோட முன்பகுதி) செக்‌ஷன் போட்டு ஹெமடாக்சிலின் இயோசின் சாயத்துல ஸ்டெயின் பண்ணி வச்சிருக்கேன், அதுல கார்டிசால் சுரக்குற இன்டர்ரீனல் செல்லையும் அட்ரினலின் சுரக்குற குரோமாஃபின் செல்லையும் தனித்தனியா காட்டணும். இந்த மீனுக்கு நமக்கு இருக்குற மாதிரி தனியா அட்ரினல் சுரப்பி கெடையாதுல்ல, ரெண்டு வகை செல்லும் ஹெட் கிட்னிக்குள்ள பெரிய ரத்தக்குழாய ஒட்டியே கெடக்கு, சுத்தி எங்க பாத்தாலும் ரத்த அணு உருவாகுற திசுதான், சட்டுனு பிடிபட மாட்டேங்குது.

கார்டினல் வெயின்ங்குற அந்தப் பெரிய ரத்தக்குழாயோட சுவர ஒட்டி சரம் சரமா, உருண்ட நியூக்ளியஸோட இளஞ்சிவப்பா இருக்குறத இன்டர்ரீனல்னு எடுத்திருக்கேன், வெளிறிப் போய் இருக்குறது குரோமாஃபின். சரிதானா? பொட்டாசியம் டைகுரோமேட் பட்டா குரோமாஃபின் பழுப்பாகும், அது தெரியும், ஆனா என்கிட்ட இருக்குற சாம்பிள் எல்லாம் ரொம்ப நாளா ஃபார்மலின்ல கெடக்குறது, அதுல இனிமே அந்த ரியாக்‌ஷன் வருமா இல்ல புது மீன்தான் எடுக்கணுமா? தேவையில்லாம இன்னும் மீன கொல்ல மனசு வரல, அதான் முதல்ல கேக்குறேன்.

இன்னொரு விஷயம், 1839ல ஸ்டானியஸ்ங்குற விஞ்ஞானி சொன்ன கார்பசலும் (கிட்னியோட இருக்குற சின்ன சுரப்பி) எனக்கு வேணும், ரத்தத்துல கால்சியம் ஏறாம பாத்துக்குற ஸ்டானியோகால்சின் ஹார்மோன் அதுலதான் சுரக்குது. திலேப்பியா கிட்னில அது எந்தப் பக்கம் இருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியுமா? ஸ்லைடு போட்டோ கமென்ட்ல போடுறேன், பாத்து சொல்லுங்க ப்ளீஸ்.