என் திருத்தத்தை ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள்: கிரான் விக்கிப் பக்கத்தில் உள்ள தவறு

ஆலைக்கணக்கன்:

காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கணினிக்கென்று இங்கே தனி ஆள் கிடையாது. வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவன் என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னதால் சர்வரும் என் தலையில் விழுந்தது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை 6 மணிக்கு முழு பேக்கப் எடுக்க வேண்டும். பலரும் பார்க்கும் ஒரு விக்கிப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு வரி இருந்தது. அப்படியே எடுத்து கிரான்டேப்பில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் கிரான் நிரலின் அட்டவணைக் கோப்பு) போட்டேன்:

0 6 1-7 * 1

படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. நிமிடம் 0, மணி 6, தேதி 1 முதல் 7 வரை, மாதம் எதுவானாலும் (*), கிழமை திங்கள். பக்கத்திலும் "மாதத்தின் முதல் திங்கள்" என்றே விளக்கம். ஆனால் ஒரே மாதத்தில் 11 முறை ஓடிவிட்டது. முதல் ஏழு நாளும் ஓடியது, பிறகு வந்த நான்கு திங்களும் ஓடியது. ஒரு பிரதி 41 ஜிபி, டிஸ்க் 500 ஜிபி. நேற்று காலை நெல் லாரி எடைமேடையில் நிற்கிறது, ரசீதைச் சேமிக்க இடமில்லை என்று திரையில் செய்தி வருகிறது. ஓட்டுநர் இறங்கி வந்து என் மேசையருகே நின்றுகொண்டார். ஒன்றும் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு கிரான்டேப் கையேட்டைப் புரட்டினேன். தேதிக் கட்டம், கிழமைக் கட்டம் இரண்டையும் கட்டுப்படுத்தினால், ஏதாவது ஒன்று பொருந்தினாலே கிரான் ஓட்டிவிடும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆக, விக்கியில் இருப்பது தவறு. அந்த வரியை நீக்கி, தேதிக் கட்டத்தை மட்டும் 1-7 என்று வைத்து, கிழமையை டேட் +%யு கட்டளை (திங்கள் 1, செவ்வாய் 2 என்று எண்ணாகத் தரும்) மூலம் சோதிக்கும் வரியைப் போட்டேன். டெர்மினலில் ஓட்டிப் பார்த்தேன், சரியாக வேலை செய்தது. போகிற போக்கில் பக்கத்தின் தலைப்புகளையும் ஒழுங்குபடுத்தினேன். ஒரு மணி நேரத்தில் ஒருவர் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டார். காரணம் என்று எழுதியது: "பயனுள்ள எடுத்துக்காட்டு நீக்கப்பட்டுள்ளது."

தவறைத் திருத்தியவனுக்கு இதுதான் மரியாதையா? மறுபடி மாற்றலாமா, விட்டுவிடலாமா? என் ஆங்கிலமும் அவ்வளவாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

பழையடெபியன்:

மறுபடி மாற்றாதீர்கள். நீங்கள் மாற்ற, அவர் திருப்ப, மூன்றாவது முறை நிர்வாகி வந்து பக்கத்தைப் பூட்டுவார். தவறு உள்ளேயே இருக்கும்.

தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது எதை ஏன் மாற்றினோம் என்று சொல்லும் கட்டத்தில், என்ன எழுதினீர்கள்? ஒன்றும் எழுதவில்லை என்று தோன்றுகிறது. திருப்பியவரின் பக்கத்திலிருந்து பாருங்கள்: முன்பின் தெரியாத ஒருவர், காரணம் எதுவும் சொல்லாமல், எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு வரியை நீக்கியிருக்கிறார், தலைப்புகளையும் கலைத்திருக்கிறார். பழையதையும் புதியதையும் ஒப்பிடும் வேறுபாட்டைத் திறந்தால் பக்கம் முழுக்க சிவப்பும் பச்சையுமாக இருந்திருக்கும். அதற்குள் உங்கள் ஒரு வரித் திருத்தத்தை யார் தேடுவார்கள்?

ஆர்ச் லினக்ஸின் ஆவணத் தளமான ஆர்ச் விக்கியில் பங்களிப்போருக்கு மூன்று அடிப்படை விதிகள் உண்டு. சுருக்கத்தை ஒழுங்காக எழுது, சிக்கலான மாற்றங்களை ஒரே தொகுப்பில் செய்யாதே, பெரிதாக மாற்றி எழுதுவதென்றால் முதலில் உரையாடல் பக்கத்தில் சொல். நீங்கள் பார்த்த விக்கி எதுவாக இருந்தாலும் இது பொருந்தும். அங்கே இன்னொரு நல்ல வழக்கமும் இருக்கிறது. தவறு என்று தெரிகிறது, ஆனால் சரியானது எதுவென்று உறுதியில்லை என்றால், அந்தப் பத்தியின் மேல் "உண்மைத்தன்மை ஐயத்துக்குரியது" என்ற வார்ப்புருவை (ஆயத்த எச்சரிக்கைப் பெட்டி) ஒட்டிக் காரணத்தை எழுதலாம். படிக்கிறவர் அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடமாட்டார்.

ஆங்கிலம் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு வாக்கியம் போதும். கையேட்டின் 5-ஆம் பிரிவு என்று குறிப்பிட மறக்காதீர்கள். பிரிவு எண் இல்லாமல் கிரான்டேப் கையேட்டைத் திறந்தால் வருவது 1-ஆம் பிரிவு. அதில் கட்டளையைப் பற்றித்தான் இருக்கும், இந்த விதி இருக்காது. எதிராளி அதைப் பார்த்துவிட்டு "அப்படி எதுவும் இல்லையே" என்பார்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன்: கணக்கும் பேக்கப்பும் ஒரே டிஸ்க்கிலா?

நடுநிசிஷெல்:

ஒரு சந்தேகம். கிரான்டேப்பில் போட்ட வரியிலும் டேட் +%யு என்று வெறும் % குறிதான் இருக்கிறதா? முன்னால் பின்சாய்வுக் கோடு (\) உண்டா?

இல்லையென்றால் உங்கள் திருத்தமும் தவறு. கிரான்டேப்பில் % என்பது புதிய வரியின் தொடக்கம். முதல் % வரைதான் கட்டளை, அதற்குப் பின் இருப்பதெல்லாம் அந்தக் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். கட்டளையைப் படித்து ஓட்டும் ஷெல்லுக்குக் கிடைப்பது மேற்கோளும் அடைப்புக்குறியும் மூடப்படாத பாதி வரி. டெர்மினலில் சரியாக ஓடும், கிரானில் ஒருபோதும் ஓடாது. பழைய வரி 11 பிரதி எடுத்தது. உங்கள் வரி ஒன்றுகூட எடுக்காது. எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

டெபியன் லினக்ஸில் வரும் கிரான்டேப் கையேட்டின் அதே 5-ஆம் பிரிவில் இரண்டாவது சனிக்கிழமைக்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 0 4 8-14 * * என்று தொடங்கி, கிழமையை டேட் +\%யு என்று சோதிக்கும். அந்தச் சிறு கோட்டைக் கவனியுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு, கிரானுக்குப் பதிலாகப் பல லினக்ஸ்களில் இருக்கும் சிஸ்டம்டி டைமர்தான் நல்லது. அதில் கிழமையும் தேதியும் சேர்த்து எழுதினால் இரண்டும் பொருந்தினால்தான் ஓடும். அடுத்து எப்போது ஓடும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதனால்தான் எனக்கு விக்கி ஆவணங்கள் மேல் நம்பிக்கை குறைவு. வலைத்தளம் உருவாக்குவோருக்கான ஆவணங்கள் உள்ள எம்.டி.என். தளம் 2020 டிசம்பரில் விக்கி முறையை விட்டுவிட்டு, நிரல்களைச் சேர்ந்து திருத்தும் தளமான கிட்ஹப்புக்குப் போனது. இப்போது அங்கே ஒரு திருத்தத்தை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சேர்க்கிறார்கள். இரண்டு தவறான வரிகளும் பக்கத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்றிருக்கும்.

பழையடெபியன்:

பார்க்க ஆள் இருந்தால் நிற்கும். ஆள் இல்லாத திட்டங்களில் திருத்தம் மாதக்கணக்கில் வரிசையில் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். மற்றபடி % விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான் கவனிக்கவில்லை.

ஆலைக்கணக்கன்:

வெறும் %தான். கோடு இல்லை.

நேற்று இரவே சோதித்தேன். ஐந்து கட்டத்திலும் நட்சத்திரம் போட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி வைத்து, கிழமை எண்ணை அன்றைய செவ்வாய்க்காக 2 என்று மாற்றிக் காத்திருந்தேன். மூன்று நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. சர்வரின் உள்ளஞ்சலைத் திறந்தால் கிரான் அனுப்பிய மூன்று கடிதங்கள் இருந்தன, மூன்றிலும் வரி பாதியில் முடிந்துவிட்டது என்று ஷெல்லின் புகார். கோட்டைச் சேர்த்ததும் அடுத்த நிமிடமே ஓடியது. கேட்காமல் விட்டிருந்தால் வரும் திங்கள் பேக்கப் இல்லை, அதை யாரும் கவனித்திருக்கவும் மாட்டோம்.

உரையாடல் பக்கத்தில் எழுதிவிட்டேன். பழைய வரி ஏன் தவறு என்று இரண்டு வாக்கியம், 5-ஆம் பிரிவு, என் முதல் திருத்தத்தில் இருந்த தவறு, எப்படிச் சோதித்தேன் என்பது. தலைப்புகளைப் பற்றிப் பேசவே இல்லை. காலையில் திருப்பியவரிடமிருந்து பதில் வந்திருந்தது. என் வரியைத் தன் கணினியில் போட்டுப் பார்த்தாராம், ஓடவில்லையாம், அதனால் நீக்கினாராம். அதைச் சுருக்கத்தில் எழுதியிருந்தால் நானும் அப்போதே விழித்திருப்பேன். ஆனால் நானும் ஒன்றும் எழுதவில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன். கோடு சேர்த்த வரியை அவரே போட்டுவிட்டார். % பற்றி ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார், என்னுடையதைவிட நன்றாக எழுதியிருக்கிறார்.

பழையடெபியன் ஐயாவுக்கு: ஆமாம், ஒரே டிஸ்க்கில்தான் இருந்தது. முதலாளியிடம் தனி டிஸ்க் கேட்டிருக்கிறேன். லாரி நின்ற கதையைச் சொன்னதும் விலையைக் கேட்டார்.