7 அடி போவா பாம்பு சாப்பிட மாட்டேங்குது, குன்னூர் குளிர்ல என்ன பண்றது?

எல்லாருக்கும் வணக்கம், குன்னூர்ல இருந்து எழுதுறேன். போன வாரம் கோவைல ஒருத்தர்கிட்ட 7 அடி போவா வாங்கிட்டு வந்தேன் (நம்ம ஊரு மலைப்பாம்பு இல்லைங்க, அத வீட்ல வளர்க்கவே கூடாது, இது தென் அமெரிக்கப் பாம்பு, பரிவேஷ்ங்கிற மத்திய அரசு வெப்சைட்ல என் பேருக்கு மாத்த அப்ளை பண்ணியாச்சு). கோவை சூட்டுல இருந்தது, இங்க ராத்திரி 10 டிகிரிக்கு இறங்குது. ஹீட் பேட், தெர்மோஸ்டாட் போட்டு கூண்டுல ஒரு பக்கம் 31 டிகிரி, இன்னொரு பக்கம் 26 வச்சிருக்கேன், ஆனா மழை காத்துன்னா கரண்ட் போயிடுது, அந்த மூணு மணி நேரம் நீங்கெல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க? சுடுதண்ணி பாட்டில துணில சுத்தி வச்சா போதுமா?

வந்து 5ம் நாளே ஃப்ரீசர்ல உறைய வச்ச எலிய வெதுவெதுன்னு ஆக்கி குடுத்தேன், நாக்க நீட்டிப் பாத்துட்டு திரும்பிக்குச்சு. அவசரப்பட்டது என் தப்புதான். கண்ணும் நீலம் பூத்த மாதிரி இருக்கு, சட்டை உரிக்கப் போகுதோ? அப்படின்னா உரிச்சு முடிக்கிற வரைக்கும் சாப்பாடு காட்டாம விட்டுடவா? குளிர்ல தின்னா செரிக்காம கக்கிடும்னு வேற பயம்.

அப்புறம் தூக்குறது. பாம்பு தூக்குற கொக்கியால மெதுவா தொட்டுட்டு எடுத்தா சாப்பாடுன்னு நினைச்சு பாயாதுன்னாங்க, சரிதானா? துணைக்கு ஆள் வேணும்ங்கிறாங்க, எங்கம்மா அந்த ரூம் பக்கமே வரமாட்டாங்க. ஊட்டி, கோத்தகிரி பக்கம் வளர்க்கிறவங்க யாராச்சும் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க ப்ளீஸ்.